மவுண்ட் ரோட்டில் கடை பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணா,

ஷார்ஜாவிலிருந்து நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். "மவுண்ட் ரோட்ல நிறைய கடை காலியா கிடக்காமே, வாடகை இறங்கியிருக்கும், நம்ம அத்தர் கடைக்கு ஒண்ணு பாரு" என்றீர்கள். சென்னை அண்ணா சாலைக்கு, அதாவது நம் மவுண்ட் ரோட்டுக்கு, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, நீ பிடிச்சுடு" என்று முடித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஊருக்குத் திரும்ப நினைக்கிற இன்னும் இரண்டு மூன்று பேர் இதையே கேட்டார்கள், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம்.

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன். நீங்கள் கிளம்பிப் போனபோது இதெல்லாம் கிடையாது. இந்தப் பாதை திறந்ததே 2019 பிப்ரவரியில். அதற்கு முன்னால் பல வருடம் இங்கே மெட்ரோ வேலைக்குப் போட்ட தகரத் தடுப்புதான் ராஜா. சாலையை ஒருவழியாக்கி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, ஒயிட்ஸ் ரோடு என்று எங்களைச் சுற்ற விட்டார்கள். 2017 ஏப்ரலில் ஜெமினி மேம்பாலம் பக்கம் ரோடு உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் பள்ளத்தில் இறங்கியதை டிவியில் பார்த்துவிட்டு நீங்கள் பதறிப் போய் போன் செய்தீர்களே, அந்தக் காலம். தகரத்துக்குப் பின்னால் கடை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாது. எல்லாக் கடையையும் ஆன்லைன்தான் கொன்றது என்று இப்போது சொல்கிறார்கள். மவுண்ட் ரோட்டைப் பொறுத்தவரை தகரத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கணக்கு. வேறு வழியில் போய்ப் பழகிய கால், தடுப்பை எடுத்துவிட்டார்கள் என்பதற்காகத் திரும்பி வருவதில்லை.

நான் இப்போது சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கடை மூடப்போவது ஷட்டர் இறங்குவதற்கு ஆறேழு மாதம் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் கொள்முதல் பில் குறையும். அப்புறம் ஒரு மாதம், "இந்தத் தடவை நில் போட்டுடுங்க சார்" என்று போன் வரும், அதாவது விற்பனையே இல்லை என்று கணக்குக் காட்டச் சொல்கிறார்கள். அதற்கடுத்த மாதம் போனே வராது. ஆறு மாதம் தொடர்ந்து ரிட்டர்ன் போடாவிட்டால் பதிவை ரத்து செய்யலாம் என்பது சட்டம். அந்த நோட்டீஸ் வந்து சேரும்போது அதே இடத்தில் வேறொருவர் மோமோ விற்றுக்கொண்டிருப்பார். அது நல்ல இடம் என்று அர்த்தம். யாரும் மோமோ விற்க வராத இடம்தான் சந்தேகத்துக்குரியது.

காலியில் பல ரகம் இருக்கிறது அண்ணா. ஷட்டரில் 'வாடகைக்கு' என்று போன் நம்பரோடு பலகை தொங்கினால் அந்தக் கடைக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவருக்குப் பணம் வேண்டும். பேசலாம். பலகையே இல்லாத ஷட்டர் வேறு ஜாதி. அண்ணா சிலை பக்கம் அப்படி ஒரு கடை முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். பெயர்ப்பலகையில் இருந்த எழுத்துகளைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். ஆனால் எழுத்து இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பழைய நீலத்திலேயே இருக்கிறது, எழுத்து இருந்த காலத்தைவிட இப்போதுதான் பெயர் பளிச்சென்று தெரிகிறது. பூட்டு முழுக்கத் துரு. ஷட்டருக்கு அடியில் செருகியிருந்த கரண்ட் பில்லும் கூரியர் சீட்டும் மழையில் ஊறிக் காய்ந்து ஒரே அட்டையாகிவிட்டன. ஆனால் நடுவில் கட்டியிருந்த எலுமிச்சையும் மிளகாயும் மட்டும் புதுசு. மிளகாய்க் காம்பு இன்னும் பச்சையாக இருந்தது.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே விசாரித்தேன். அண்ணன் தம்பி வழக்காம். கடை மூடி மூன்று வருடமாகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் மூத்தவர் வீட்டம்மா பூக்காரம்மாவிடம் காசு கொடுத்து எலுமிச்சை கட்டச் சொல்கிறார். "தம்பி வீட்டுக்காரங்க திங்கக்கிழமை வந்து அறுத்துப் போட்டுடுவாங்க சார்" என்றார் டீ மாஸ்டர். அந்த இடத்துக்கு ஒரு புரோக்கர் என்னிடம் வாடகை பேசினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய அளவிலும் இதே கதைதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முனையில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் ஞாபகமிருக்கிறதா? கூர்கோபுரங்களோடு, சிவப்பாக? 1897-இல் ஒரு மருந்துக் கடைக்காரர் கட்டியது அது. 2006-இல் இடிக்க ஆரம்பித்தார்கள், பாரம்பரியக் கட்டடம் என்று வழக்கு வந்தது, இடிக்கக் கூடாது என்று 2010-இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முழுதாக இடிக்கவும் இல்லை, ஆள் புழங்கவும் இல்லை. சஃபையர் தியேட்டரை இடித்துவிட்டு அந்த மனையை எத்தனை வருடம் வெறும் மதில் சுவராகவே பார்த்தோம்! அதே வளாகத்தில் இருந்த புளூ டைமண்டில் தொடர் காட்சி ஓடிய காலத்தில் டிக்கெட் எடுத்து ஏ.சி.யில் தூங்கப் போனவர்கள் கூட, வெளியே வந்து ஒரு ஜூஸ் குடித்தார்கள். ஆனந்த் போனது, 2016-இல் சாந்தியும் போனது. தேவி இன்னும் நிற்கிறது. இடைவேளைக் கூட்டத்தை நம்பிப் பிழைத்த கடைகள் இருந்தன என்று இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சரி, ஸ்பென்சர் பிளாசா மாலுக்கு வருகிறேன். அதைக் கேட்கத்தான் காத்திருப்பீர்கள்.

நாம் வேலை பார்த்த கேசட் கடை இருந்த வரிசைக்குப் போனேன். பாதி ஷட்டர் இறங்கியிருக்கிறது. நம் கடை இருந்த இடத்தில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருக்கிறார். அளவெடுக்க வருகிறவர்கள் கீழே பார்த்துக்கொண்டே நிற்பார்களே, அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி நாம் ரேக் ஸ்க்ரூ அடித்த நான்கு ஓட்டை தரையில் அப்படியே இருக்கிறது. லேண்ட்மார்க் புத்தகக் கடை போய்ப் பல வருடமாகிவிட்டது, மியூசிக் வேர்ல்டும்தான். காஷ்மீர் சால்வைக்காரர்கள் இருக்கிறார்கள், என்னைக்கூட வெளிநாட்டுக்காரன் என்று நினைத்து "ஹலோ சார்" என்றார்கள். தொப்பையின் புண்ணியம்.

பழைய ஸ்பென்சர் 1983-இல் எரிந்து, புதிய பிளாசா 1991-இல் வந்தபோது தெருவில் இருந்த கூட்டத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. 2010-இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் வந்து அதே கூட்டத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டது. இதில் விஷயம் ஏ.சி.யோ பார்க்கிங்கோ மட்டும் இல்லை. ஸ்பென்சரில் கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். ஒரே தளத்தில் எத்தனையோ சொந்தக்காரர்கள். ஒருவர் மகனோடு அமெரிக்காவில் இருப்பார், இன்னொருவர் கடையை முதலீடு என்று வாங்கிப் பூட்டி வைத்திருப்பார், இன்னொருவர் பழைய வாடகையைத்தான் கேட்பேன் என்று நிற்பார். எக்ஸ்பிரஸ் அவென்யூ மாதிரி இடங்களில் இடம் ஒருவர் கையில். எந்தக் கடைக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று அவர் முடிவு செய்யலாம், கூட்டம் வேண்டுமென்றால் ஒரு கடைக்கு வாடகையைக் குறைத்துக்கூடக் கொடுக்கலாம். தனித்தனியாக விற்ற கட்டடத்தில் அதைச் செய்ய ஆளே இல்லை. பத்து ஷட்டர் மூடினால் பதினோராவது கடைக்கு யாரும் நடந்து வரமாட்டார்கள், ஆனால் அந்தப் பத்துப் பேரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது கல்யாணத்துக்குச் சம்பந்தம் பேசுவதைவிடக் கஷ்டம்.

நிலைத்து நிற்கிறவர்களைப் பாருங்கள். ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை 1844-இல் ஆரம்பித்தது, இப்போதைய கட்டடம் 1904-இல் வந்தது. பி.ஆர் (P. Orr) அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் மணிக்கூண்டும் அங்கேயே இருக்கிறது. இரண்டும் அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. மாதம் பிறந்தால் வாடகை கேட்டுச் சொந்தக்காரன் கதவைத் தட்டுவான் என்ற பயம் இல்லாதவர்கள்தான் இந்த ரோட்டில் புத்தகமும் கடிகாரமும் விற்க முடிகிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

இனி உங்கள் கணக்கு. பேச்சுக்கு ஒரு லட்சம் வாடகை என்று வையுங்கள். ரோட்டைப் பார்த்த தரைத்தளம் அதற்குக் கிடைத்தால் எனக்கும் ஒன்று சொல்லுங்கள். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வீட்டுக்காரர் பதிவு செய்திருந்தால் அவர் பில்லில் வரும். நீங்கள் சின்னக் கடை என்று, விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் அந்த 18,000-ஐத் திரும்ப எடுக்க முடியாது, கையை விட்டுப் போன காசுதான். அட்வான்ஸ் பத்து மாதம் கேட்கிறார்கள். 2019-இல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில் மூன்று மாதம் என்றுதான் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் செல்லும் என்றும் அதிலேயே இருக்கிறது, அப்புறம் கேட்க வேண்டுமா? கண்ணாடி, ஏ.சி., விளக்கு என்று உள்ளே போடுகிற பணம் போட்டதுதான். பெயர்ப்பலகையில் தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, மற்ற மொழி இரண்டு என்று விதி. உங்கள் அரபி எழுத்து ஆசைக்கு இரண்டு பங்கு இடம் உண்டு. அப்புறம் இன்னொன்று: வேலைக்கு வைக்கிற பையனுக்கு ஸ்டூல் போட வேண்டும், 2021-இல் அதற்கென்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். நாம் பத்து மணி நேரம் நின்று கேசட் விற்றதை நினைத்துக்கொண்டேன். நம் முதலாளி உட்காரக் கூட விடாமல், தீபாவளி போனஸையும் பொங்கலுக்குத் தள்ளினாரே!

அத்தர், பெர்ஃப்யூம் என்பது நடந்து போகிறவன் நின்று, கையில் தடவிப் பார்த்து, பேரம் பேசி வாங்குகிற சரக்கு. மவுண்ட் ரோட்டில் இப்போது நடக்கிறவர்கள் மெட்ரோ வாசலிலிருந்து ஆபீஸ் வாசலுக்கு நேராகப் போகிறவர்கள். புதிதாகத் திறக்கிறவையும் அதற்கேற்ற மாதிரிதான்: கார் ஷோரூம், பிரியாணி, வாசலை ஒட்டிய டீக்கடை. ஒரு ஏ.டி.எம். அறையைக் காலி செய்துவிட்டு அந்த ஆறடி அகலத்தில் ஜூஸ் போடுகிறார் ஒருவர். பதினொன்றரை மணிக்கு அந்த ரோட்டில் நான் பார்த்த ஒரே வரிசை அங்கேதான்.

மதியம் அப்படியே திருவல்லிக்கேணி ஹைரோடு பக்கம் நடந்தேன். வாலாஜா பெரிய மசூதிக்கு அருகே, ஒரு சந்து முனையில் எட்டடிக்குப் பத்தடி. முன்பு பேக் ரிப்பேர் கடையாம். ஷட்டரில் பலகை இருக்கிறது, நம்பர் இருக்கிறது, போன் செய்தால் சொந்தக்காரரே எடுக்கிறார். ஒரே பெயரில் பத்திரம். மழை வந்தால் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்குமாம், அதை அவரே சொன்னார், எனக்கு ஆளைப் பிடித்துப்போனது. மேன்ஷன்களில் தங்கியிருக்கிற பையன்கள் சாயங்காலம் வெள்ளமாக இறங்குகிறார்கள். ரம்ஜான் மாதம் இரவெல்லாம் கூட்டம் நடக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். 'மவுண்ட் ரோடு' என்று விசிட்டிங் கார்டில் போட வேண்டும் என்பதற்காக இருபது வருடம் ஷார்ஜாவில் கஷ்டப்பட்டவர் நீங்கள். ஆனால் அந்த எலுமிச்சைக் கடைப் புரோக்கர் உங்கள் நம்பரை என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேறு யார் மூலமாவது வாங்கிக் கூப்பிட்டால் டோக்கன் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட அனுப்பிவிடாதீர்கள். திருவல்லிக்கேணிக்காரர் மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் கேட்டிருக்கிறேன், வந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அண்ணியிடமும் காட்டுங்கள், தண்ணீர் நிற்கும் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி