வரலாற்றுச் சுவர்ப் பணி நிறைவு அறிக்கை: எட்டுப் பலகை பதினொன்றான விதம்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வோர்ப்ஸ்வேடே ஓவியர் சங்கத்தின் வரலாற்றை நம் கூடத்தின் வடக்குச் சுவரில் பலகைகளாக நிறுவும் பணி நிறைவடைந்தது. சுவர்ப்பூச்சும் விளக்குகளும் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி எவரும் கேட்கவில்லை. எட்டுப் பலகைக்கு உங்கள் ஒப்புதல் பெற்ற குழு பதினொரு பலகைக்குப் பணம் கொடுத்தது ஏன் என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒப்புதல் பெற்ற திட்டம் எளிமையானது. ஜெர்மனியின் பிரேமன் நகருக்கு வடகிழக்கே, டாய்ஃபல்ஸ்மோர் சதுப்பு நிலத்து ஊரான வோர்ப்ஸ்வேடேயில், 1889-இல் ஃபிரிட்ஸ் மாக்கன்சன், ஓட்டோ மோடர்ஸோன், ஹான்ஸ் ஆம் எண்டே ஆகிய மூவரும் தங்கி வரைவதென்று முடிவெடுத்தார்கள். பின்னர் ஃபிரிட்ஸ் ஓவர்பெக்கும் ஹைன்ரிஷ் ஃபோகலரும் சேர, 1894-இல் சங்கம் உருவானது. மறு ஆண்டு மியூனிக் கண்ணாடி மாளிகைக் கண்காட்சியில், திறந்தவெளியில் உழவர்கள் வழிபடும் காட்சியை வரைந்த மாக்கன்சனுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது; மோடர்ஸோனின் ‘சதுப்பு நிலத்தில் புயல்’ ஓவியத்தை மியூனிக் அருங்காட்சியகமே வாங்கியது. பெயர் பரவியது. ஆனால் 1899-இல் மோடர்ஸோன், ஓவர்பெக், ஃபோகலர் மூவரும் விலகிவிட்டார்கள். ஆக, சங்கம் ஒன்றாக இருந்தது ஐந்தே ஆண்டுகள். அந்த ஐந்து ஆண்டுகளுக்கு எட்டுப் பலகை போதுமென்று நினைத்தோம். அது எங்கள் பிழை.

எட்டாவது பலகையின் வாசகத்தை ஒப்பந்ததாரரிடம் கொடுத்த மறு வாரம், மூத்த உறுப்பினர் ஒருவர் கூடத்துக்கு வந்து, வாசகம் முழுவதையும் மெதுவாகப் படித்துவிட்டு, “பவுலா எங்கே?” என்று மட்டும் கேட்டார். ஓவியர் பவுலா பெக்கர் சங்கத்தின் உறுப்பினரல்லர் என்று சொன்னோம். பிரேமன் கலைக்கூடத்தில் 1899 டிசம்பரில் அவர் படங்களை வைத்தபோது, சங்கமே ஏறத்தாழக் கலைந்திருந்தது. விதிப்படி நாங்கள் சொன்னது சரிதான். ஆயினும் இன்று வோர்ப்ஸ்வேடே என்றதும் உலகுக்கு நினைவு வருவது, 1907-இல் தம் 31-ஆம் வயதில், மகள் பிறந்த சில நாள்களில் அங்கேயே இறந்த அந்தப் பெண்ணின் பெயர்தான். கவிஞர் ரில்கே 1903-இல் அந்த ஊர் ஓவியர்களைப் பற்றி எழுதிய நூலில் ஐவருக்கு இடம் கொடுத்து அவரை விட்டுவிட்டார். அதே தவற்றை நாங்களும் செய்ய வேண்டுமா என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

ஒன்பதாவது பலகை அப்படி வந்தது. அதில் 1900-ஆம் ஆண்டுச் சம்பவத்தையும் சேர்த்தோம்: பவுலாவும் அவர் தோழியான சிற்பி கிளாரா வெஸ்ட்ஹோஃபும் ஊர்த் தேவாலயத்தின் மணியை விளையாட்டாக அடிக்க, ஊரார் எங்கோ தீப்பற்றியதென்று ஓடி வந்தார்கள். அதற்குப் பரிகாரமாகப் பவுலா தேவாலயத்துக்குள் பூக்களை வரைந்தார், கிளாரா தேவதூதர்களின் முகங்களைச் செய்து கொடுத்தார். ஒரு கோயிலுக்கு அபராதமாகச் செய்த பணி இன்றும் நிற்கிறது. அபராதமும் கட்டி வசையும் வாங்கும் எங்கள் குழுவுக்கு அது சற்று ஆறுதல். பத்தாவது பலகை, பொதுவுடைமையாளராகி 1942-இல் கசகஸ்தானில் இறந்த ஃபோகலருடையது. பதினொன்றாவது, நாஜி ஆட்சி 1944-இல் தயாரித்த ‘இறையருள் பெற்ற கலைஞர்’ பட்டியலில் மாக்கன்சன் பெயர் இருந்ததைச் சொல்கிறது. பழைய அழுக்கை ஏன் சுவரில் மாட்டுகிறீர்கள் என்று கேட்ட உறுப்பினர்களுக்கு: பதக்கத்தை மாட்டிவிட்டுப் பட்டியலை மறைப்பது கணக்கில் வரவை மட்டும் எழுதுவது போலாகும். அப்படி எழுதினால் முதலில் கேள்வி கேட்பவர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இனி ஒப்பந்ததாரர் விவகாரம். எட்டுச் சட்டகங்களுக்குச் சம இடைவெளியில் அவர் ஏற்கெனவே சுவரைத் துளையிட்டிருந்தார். பதினொன்று என்றதும் எல்லாத் துளைகளையும் அடைத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. ஒவ்வொரு துளைக்கும் தனிக் கூலி கேட்டார். நாங்கள் மறுத்தோம். ஈரக் காற்றில் ஓக் சட்டகங்கள் உப்பி, நான்காவது பலகையின் கதவு மூடாமல் ஒரு விரல் அளவு விலகி நின்றதைக் காட்டினோம். மரம் உப்ப இடம் விடாமல் அறுத்தது அவர் பிழை என்றோம். வானிலை தன் பொறுப்பல்ல என்றார். பலகைப் படத்திலிருந்த படகுப் பாய்களின் கருமை அச்சில் செந்நிறமாக வந்ததை அவர் மறுக்க முடியவில்லை. மூன்று வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பின், துளைக் கூலியில் பாதி நாங்கள், மறு அச்சும் நான்காவது சட்டகமும் அவர் செலவில் என்று முடிந்தது. முழுவதையும் மறுத்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் பலகைகளின் எண்ணிக்கையை மாற்றியது நாங்கள். அந்தப் பங்கை அவர் தலையில் கட்டியிருந்தால் நியாயமாகாது.

கூடுதல் செலவைத் தாங்கியவர்கள்: ஊர் ரொட்டிக்கடைக் குடும்பம், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை, ஹாமே ஆற்றுப் படகோட்டிகள், சுண்ணாம்பை விலையின்றித் தந்த வன்பொருள் கடைக்காரர், நூலக வாசகர் வட்டம், ஒவ்வொரு ஞாயிறும் உண்டியலில் போட்ட பெயர் சொல்லாத முதியவர். பெயர் தர இசைந்தவர்களின் பெயர்கள் நுழைவாயிலில் உள்ளன. விடுபட்டிருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும். வாய்மொழிப் புகார்களைக் கேட்டு இந்தச் செயலாளருக்கு அலுத்துவிட்டது.

‘சங்கம் 1894–1899’ என்று பொறித்த பித்தளைத் தகடு வீணானது. அதன் விலை கணக்கில் தனி வரியாக உள்ளது. தகடு அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் சாவியை என்னிடம் கேட்கலாம்.

குழுவின் சார்பில்,
செயலாளர்