காலைல பத்தரை மணி ஷோவுக்கு யாரு சார் வருவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் தண்டையார்பேட்டைல வீட்டு முன்ரூம்லயே பிளவுஸ் தைக்கிற கடை வச்சிருக்கேன். உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு மாமனார் காலத்துல இருந்து வருது, அவர் போனதுக்கு அப்புறமும் நிறுத்தல. போன வாரம் ஞாயித்துக்கிழமை இணைப்புல வந்த சினிமா கட்டுரைய படிச்சிட்டு தான் இத எழுதறேன். விருது வாங்குற படமெல்லாம் ஒரு சின்ன கூட்டத்துக்கு தான், வெகுஜன மக்களுக்கு அதுக்கெல்லாம் பொறுமை கிடையாதுன்னு அதுல ஒரு வரி வருது. எழுதின சார் மீதியெல்லாம் நல்லா தான் எழுதியிருக்காரு. அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லாம இருக்க முடியல, ஏன்னா அந்த வெகுஜனம் நாங்க தான்.

முதல்ல கொட்டுக்காளி. 2024 ஆகஸ்ட் 23ந்தேதி ரிலீஸ், அதே நாள் தான் வாழையும் வந்துச்சு. வாழைக்கு எங்க பக்கம் சாயங்காலம், நைட்டுன்னு ஷோ இருந்துச்சு. கொட்டுக்காளிக்கு எங்களுக்கு கிட்ட இருக்கிற மால்ல காலைல பத்தரைக்கு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, அவ்ளோ தான். பத்தரை மணிக்கு நான் மெஷின்ல உக்காந்திருப்பேன், எங்க தெரு ஆம்பளைங்க ஹார்பர், மார்க்கெட், கம்பெனின்னு போயிருப்பாங்க, காசிமேட்டுல விடிகாலைல மீன் ஏலம் எடுத்த பொம்பளைங்க இன்னும் கூடைய இறக்கியிருக்க மாட்டாங்க, அப்ப அந்த ஷோவுக்கு யாரு சார் வருவா? அடுத்த வாரம் பார்த்தா அந்த ஷோவும் இல்ல. கேட்டா கூட்டம் வரலையாம். இதுல சினிமாக்காரங்கள்லயே ஒருத்தர் இந்த படத்தையெல்லாம் தியேட்டருக்கே கொண்டு வந்திருக்க கூடாதுன்னு மேடைல சொன்னாரு, அத கேட்டப்ப தான் எனக்கு பேஜாரா ஆயிடுச்சு. அவர் படம் நல்லா இல்லன்னு சொல்லல, எங்களுக்கு இல்லன்னு சொன்னாரு.

அப்புறம் அது ஓடிடில வந்தப்ப வீட்லயே பார்த்தோம், நான், என் நாத்தனார், கடைல எனக்கு ஹூக்கு கட்டி குடுக்கிற பொண்ணு, மேல் வீட்டு அக்கா, கூடவே என் மாமியார். மீனான்னு ஒரு பொண்ணு வேற ஒருத்தன விரும்புது, அதுக்கு பேய் புடிச்சிருக்குன்னு, அத கட்டிக்க போற பாண்டியும் சொந்தக்காரங்களும் சாமியார் கிட்ட கூட்டினு போறாங்க, அது தான் கதை. பாண்டியா சூரி. படத்துல பின்னணி இசையே கிடையாது. ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல மேல் வீட்டு அக்கா "டிவில சவுண்டு போயிடுச்சா பாரு"ன்னாங்க. அதுக்கப்புறம் யாரும் அத பத்தி பேசல, ஆட்டோ சத்தம், சேவல் சத்தம், காத்து, இதுவே போதும்னு ஆயிடுச்சு. சூரி தொண்டைல சுண்ணாம்ப தடவிக்கிட்டு கட்ட குரல்ல பேசுறத பார்த்து முதல்ல சிரிச்சோம் (பரோட்டா சூரியாச்சே, பார்த்தாலே சிரிப்பு வந்து பழகிடுச்சு), நடு ரோட்ல மீனாவ போட்டு அடிக்க ஆரம்பிச்சதும் யாருக்கும் சிரிப்பு வரல. ரோட்டுல ஒரு மாடு மறிச்சிக்கிட்டு நிக்குது, அத்தன வீராப்பு பேசுற ஆம்பளைங்களுக்கும் அத நகர்த்த முடியல, ஒரு சின்ன பொண்ணு வந்து சும்மா கூட்டினு போயிடுறா. அந்த இடத்துல என் நாத்தனார் கை தட்டுச்சு. பின்னணி மியூசிக் போட்டு இங்க தட்டுங்கன்னு யாரும் சொல்லல.

அந்த மீனா, படம் முழுக்க கிட்டத்தட்ட பேசவே மாட்டா. ஹூக்கு கட்டுற பொண்ணு "இன்னாக்கா, அது ஊமையா"ன்னு கேட்டுச்சு. மாமியார் தான் பதில் சொன்னாங்க, "பேசி இன்னா ஆவப்போவுது அதுக்கு"ன்னு. இத விட பெருசா எந்த விமர்சகர் எழுதிட்டாருன்னு நீங்களே சொல்லுங்க. கடைசில பாண்டி இன்னா பண்ணுவான்னு படம் சொல்லாமயே முடியுது இல்லையா, அதுக்கு ராத்திரி சண்டை, மறுநாள் கடைக்கு வந்த கஸ்டமர் கிட்டயும் கதைய சொல்லி அவங்க கிட்டயும் சண்டை. அவன் திருந்திட்டான்னு நாத்தனார், திருந்தல பயந்துட்டான்னு நான்.

அதுக்காக எல்லாத்தையும் தலைல தூக்கி வச்சிக்க மாட்டேன். கொட்டுக்காளில நடக்கிற சீனு சிலது ரொம்பவே நீளம், "நடந்துனே கீறாங்க, எப்ப தான் போய் சேருவாங்க"ன்னு மாமியார் கேட்டது எனக்கும் நியாயமா தான் பட்டுச்சு. இந்த மாதிரி படத்த குறை சொன்னா நமக்கு சினிமா தெரியலன்னு நினைச்சிப்பாங்கன்னு நிறைய பேருக்கு ஒரு பயம் இருக்கு, உங்க பேப்பர்ல எழுதுறவங்களுக்கும் அது இருக்குதுன்னு தோணுது. மாஸ் படம்னா கிழிச்சு தொங்க விடுறாங்க, விருது படம்னா ஒரே மரியாதை. மரியாதைய குடுத்து குடுத்தே அந்த படங்கள எங்க கிட்ட இருந்து தூரமா வச்சிட்டாங்க. இதே டைரக்டர் வினோத்ராஜோட முதல் படம் கூழாங்கல், 2021ல ராட்டர்டாம் திரைப்பட விழால டைகர் விருது வாங்குச்சு, ஆஸ்காருக்கு இந்தியா சார்பா போச்சு, நாங்க பார்க்கிறதுக்கு 2023 ஆயிடுச்சு, அதுவும் ஃபோன்ல.

வாழைய தியேட்டர்ல பார்த்தேன். அந்த பையன் பசி தாங்காம வாழைப்பழத்த எடுத்து தின்னதுக்கு அடி வாங்குற இடத்துல எனக்கு பக்கத்து சீட்ல ஒரு பெரியவர் எழுந்து வெளிய போயிட்டாரு, கொஞ்சம் கழிச்சு திரும்ப வந்து உக்காந்தாரு. அதுல ஹீரோ கிடையாது, ஃபைட் கிடையாது, பொழப்புக்கு வாழத்தார் சுமக்கிற ஜனங்க கதை. அதையும் ஒரு விதத்துல விருது படம்னு தான் சொல்லணும், ஆனா கூட்டம் வந்துச்சு. பாட்டு இருந்துச்சு, பசங்களோட ரஜினி கமல் சண்டை இருந்துச்சு, டீச்சர் மேல அந்த பையனுக்கு இருக்கிற பிரியம் இருந்துச்சு, சிரிக்க விட்டுட்டு அப்புறம் அழ வச்சாரு மாரி செல்வராஜ். அது ஒரு சாமர்த்தியம், ஒத்துக்கிறேன். கடைசி கால் மணி நேரம் மியூசிக்க கொஞ்சம் அடக்கியிருக்கலாம்னு தான் இன்னும் சொல்லுவேன், அங்க அந்த தாயோட குரலே போதும்.

மெய்யழகன் பத்தி ஒரு வார்த்த. ரெண்டு ஆம்பளைங்க ராத்திரி முழுக்க பேசுறாங்க, அவ்ளோ தான் படம். கார்த்தி, அரவிந்த்சாமின்னு பேரு இருந்ததால எல்லா ஷோவும் கிடைச்சுது. நீளம்னு ரிலீஸுக்கு அப்புறம் 18 நிமிஷத்த வெட்டினாங்க. கல்யாண மேடைல தங்கச்சிக்கு நகை போட்டு விடுற சீன்ல எங்க தியேட்டர்ல மூக்க சிந்துற சத்தம் தான் கேட்டுச்சு. பொறுமை இல்லாத ஜனம் தான் அதையும் உக்காந்து பார்த்துச்சு.

இப்ப கூலி. நான் ரஜினி ரசிகை, இத முதல்லயே சொல்லிடறேன். எங்க நைனா ஹார்பர்ல கொக்கி போட்டு மூட்டை தூக்கினவரு, கண்டெய்னர் வந்ததுக்கு அப்புறம் அந்த வேலையே குறைஞ்சு போச்சு, அவர் கூட வேலை செஞ்சவங்க எல்லாம் வாட்ச்மேன் வேலைக்கும் டீக்கடைக்கும் போனாங்க. அப்படிப்பட்ட வீட்ல இருந்து கூலின்னு பேர் வச்ச படத்துக்கு எவ்ளோ ஆசையா போயிருப்போம்னு பாருங்க. 2025 ஆகஸ்ட் 14 ரிலீஸ், ஏ சர்டிஃபிகேட், அதனால பசங்கள வீட்ல விட்டுட்டு போனோம், அதுக்கே பெரிய பஞ்சாயத்து. உள்ள போனா ஹார்பர் விசாகப்பட்டினத்துல இருக்கு, சரி இருக்கட்டும், ஆனா மூட்டை எங்க, சுமக்கிறவன் எங்க? பொணத்த எரிக்கிற கரண்ட்டு நாற்காலி இருக்கு, ஒவ்வொரு ஊர்ல இருந்தும் ஒரு ஸ்டார் வந்து இறங்குறாரு, கூலிக்காரன் மட்டும் பின்னாடி கூட்டத்துல நிக்கிறான். பிளாஷ்பேக்ல சின்ன வயசு ரஜினி வராரு பாருங்க, அது கொஞ்ச நேரம் தான், அந்த கொஞ்ச நேரம் சோக்கா இருந்துச்சு, அந்த கதையவே முழுசா எடுத்திருக்க கூடாதான்னு வீட்டுக்கு வர்ற வரைக்கும் ஆட்டோல இதே பேச்சு. மோனிகா பாட்டுல பூஜா ஹெக்டே போட்ட சிவப்பு டிரஸ் மாதிரி வேணும்னு காலேஜ் பொண்ணுங்க ஃபோட்டோவோட வந்தாங்க, எனக்கு அந்த படத்தால நடந்த நல்லது அது ஒண்ணு தான்.

ஹார்பர் கூலிய ஒழுங்கா காட்டின படம் சார்பட்டா பரம்பரை. ஆர்யாவோட கபிலன் ஹார்பர்ல மூட்டை தூக்குறவன் தான். எமர்ஜென்சி காலத்து வட சென்னை, இடியாப்ப பரம்பரை, சார்பட்டா பரம்பரைன்னு குத்துச்சண்டை, வாத்தியார்னா இன்னா மரியாதை, இதெல்லாம் எங்க நைனா வாயால கேட்டது அப்படியே திரைல வந்துச்சு. அந்த காலத்து பெல்பாட்டம், முழங்கை வரைக்கும் வர பிளவுஸ் கை, ஒரு டெய்லரா நான் பாஸ் பண்ணிட்டேன். மாரியம்மா புருஷன நிக்க வச்சு கேள்வி கேக்குற மாதிரி தான் எங்க தெருவுல பொம்பளைங்க கேப்பாங்க. வட சென்னைன்னா கத்தியும் கஞ்சாவும்னு காட்டுற படங்களால எங்க பொண்ணுங்க இன்டர்வியூக்கு போனா ஏரியா பேர சொல்லவே யோசிக்குதுங்க. 'மெட்ராஸ்', 'வட சென்னை'ன்னு வந்த படங்கள்ல வெட்டு குத்து இருந்தாலும் சுவரு யாருக்கு, ரோடு யாருக்குன்னு ஒரு கேள்வி இருந்துச்சு, அதுக்கு பின்னாடி வந்த நகல் படங்கள்ல அது இல்ல, வெறும் "இன்னாபா" மட்டும் இருக்கு. சார்பட்டா கொரோனா நேரம்னு 2021 ஜூலைல நேரா அமேசான்ல வந்துடுச்சு. எங்க கதை, எங்களால விசில் அடிச்சு பார்க்க முடியல. பார்க்கலாம்னாலும் அதுக்கு முந்தின வருஷமே அகஸ்தியாவ மூடிட்டாங்க. எங்க அம்மா கல்யாணம் ஆன புதுசுல படம் பார்த்த தியேட்டர் அது. பெரம்பூர்ல பிருந்தாவும் 2025ல மூடியாச்சு.

ஆல் வி இமேஜின் அஸ் லைட், இது பாயல் கபாடியா எடுத்தது, 2024ல கான் திரைப்பட விழால கிராண்ட் பிரீ விருது வாங்குச்சு. மும்பைல இருக்கிற மலையாள நர்சுங்க கதை. ஹாட்ஸ்டார்ல வந்தப்ப ஃபோன மெஷின் பக்கத்துல சாய்ச்சு வச்சு ஃபால்ஸ் அடிச்சிக்கிட்டே பார்க்கலாம்னு தான் போட்டேன், கொஞ்ச நேரத்துல தைக்கிறத நிறுத்திட்டேன். ஜெர்மனில இருக்கிற புருஷன் கிட்ட இருந்து போன் கிடையாது, கடுதாசி கிடையாது, ஒரு ரைஸ் குக்கர் வருது, ராத்திரி அந்தம்மா அத கட்டி பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கு. எங்க தெருவுல துபாய்ல புருஷன் இருக்கிற பொண்ணுங்க எத்தன பேரு, அவங்கள கூப்பிட்டு இந்த சீனை மட்டும் காட்டினேன். அப்புறம் பார்வதின்னு ஒரு சமையல் வேலை செய்யிற அம்மா, இருக்கிற வீட்ட பில்டர் இடிக்க வரான், அந்தம்மா கிட்ட பேப்பர் எதுவும் இல்ல. கூவம் ஓரத்துல இருந்து ஊர் கடைசில இருக்கிற கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட ஜனங்க எங்க சொந்தத்துலயே இருக்காங்க, அவங்களுக்கு இந்த படம் புரியாதாம், அவார்டு குடுத்த வெள்ளக்காரனுக்கு தான் புரியுமாம்! கிராமத்துக்கு போனதுக்கு அப்புறம் படம் கொஞ்சம் கனவு மாதிரி போகுது, அங்க எனக்கு அவ்வளவா ஒட்டல, அதையும் சொல்லிடறேன்.

மின்ட் தெருவுல கிரவுன் தியேட்டர கட்டினவரு ரகுபதி வெங்கய்யா, பேசாத படம் ஓடின காலத்துல. அப்பவும் பக்கத்துல யாராவது ஆர்மோனியம் வாசிச்சிருப்பாங்க, இல்லன்னு சொல்லல, ஆனா வசனமே இல்லாம படம் பார்த்த ஏரியா இது. 2003ல இருந்து டிசம்பர்ல சென்னை சர்வதேச திரைப்பட விழா நடக்குது, எனக்கு தெரிஞ்சு எல்லாமே ராயப்பேட்டை, அண்ணா சாலை, ஆழ்வார்பேட்டை பக்கம் தான், சென்ட்ரல் தாண்டி வடக்கால ஒரு ஸ்கிரீன் இருந்ததா ஞாபகமே இல்ல. மெட்ரோ வந்துடுச்சே ஏறி போங்கம்மான்னு சொல்லலாம், போகலாம், ஆனா நைட் ஷோ விடுறதுக்குள்ள மெட்ரோ முடிஞ்சிடும், ஆட்டோக்காரர் கேக்குற காசுக்கு இன்னொரு தடவ படமே பார்த்துடலாம்.

எங்க பக்கம் இருக்கிற தியேட்டர்ல ஏதோ ஒண்ணுல இந்த மாதிரி படங்களுக்கு சனி, ஞாயிறு சாயங்காலம் ஆறரைக்கு ஒரே ஒரு ஷோ, ரெண்டு வாரம் போட்டு பார்க்கட்டும். கூட்டம் வரலன்னா அப்ப எழுதுங்க பொறுமை இல்லன்னு, நானும் வாய மூடிக்கிறேன். விழா நடத்துறவங்க காதுல விழுற மாதிரி வர்ற டிசம்பருக்குள்ள நீங்களும் ரெண்டு வரி எழுதினா நல்லா இருக்கும். அப்படியே உங்க விமர்சன பக்கத்துல படத்துக்கு கீழ ஸ்டார் போடுற இடத்துல, வட சென்னைல எந்த தியேட்டர்ல எத்தன மணிக்கு ஓடுதுன்னும் போடுங்க, ஸ்டார விட அது தான் எங்களுக்கு வேணும்.

கடிதம் நீளமா போயிடுச்சு, வெட்டி போட்டாலும் பரவால்ல, மாமியார் சொன்னத மட்டும் வெட்டிடாதீங்க, பேப்பர்ல வரும்னு அவங்க கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை