கிரீன்விச் தெருவின் இரண்டு குளிர்காலங்கள்: நியூயார்க் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் வரலாற்றுச் சங்கம், நியூயார்க் பொது நூலகம், நியூயார்க் நகர அருங்காட்சியகம் ஆகியவற்றின் ஓவியப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

அன் மார்கரித் ஹைட் த நெவில் என்ற பிரெஞ்சுச் சீமாட்டி கிரீன்விச் தெருவை இரண்டு குளிர்காலங்களில் நீர்வண்ணத்தில் தீட்டினார். 1809 ஜனவரியில், வாரன் தெருவும் கிரீன்விச் தெருவும் சந்திக்கும் முனையைப் பனி மூடியிருந்தபோது வரைந்த படம் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே தெருவின் மற்றொரு முனையை 1810இல் வரைந்த படம் பொது நூலகத்தின் ஸ்டோக்ஸ் தொகுப்பில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் அவர் வரைந்த மனிதர்களோ பெரும்பாலும் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறார்கள். தெரு ஓரிடத்திலும் ஆட்கள் வேறிடத்திலுமாகப் பிரிந்து கிடக்கும் இந்தப் படங்களை ஒருமுறையேனும் ஒரே அறையில் வையுங்கள் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

அவருடைய வாழ்க்கையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இதைப் படிக்கும் தமிழ் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1771இல் பிரான்சின் சான்செர் ஊரில் பிறந்த அவர், தீவிர மன்னராட்சி ஆதரவாளரான ழான் கியோம் ஹைட் த நெவிலை 1794இல் மணந்தார். 1800 டிசம்பரில் பாரிஸில் நெப்போலியனைக் கொல்ல வெடிகுண்டு வைத்த சதியில் கணவருக்கும் பங்குண்டு என்று குற்றம் சாட்டப்பட்டபோது, கணவர் மாற்றுப் பெயரில் லியோன் பக்கம் மறைந்து, மருத்துவராக அம்மை குத்திக் காலம் தள்ளினார். 1805இல், போர் நடந்துகொண்டிருந்த ஐரோப்பாவின் குறுக்கே பயணம் செய்து, வியன்னாவில் நெப்போலியனை நேரில் கண்டு கணவருக்காக மன்றாடியவர் இந்தச் சீமாட்டிதான். அதன் பயனாகச் சிறைக்குப் பதில் நாடுகடத்தல் வாய்த்தது. 1807இல் இருவரும் நியூயார்க்கில் கரையிறங்கினார்கள்.

அங்கே அவர் வரையத் தேர்ந்தெடுத்தவற்றைத்தான் நான் மீண்டும் மீண்டும் பார்க்கிறேன். பிரபுக் குலத்துப் பெண்கள் பூக்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்து பழகிய காலத்தில், அவர் ஒரு சமையற்காரியை வரைந்தார். தரை தேய்த்துக் கழுவும் பெண்ணை வரைந்தார். வந்த ஆண்டிலேயே ஹட்சன் ஆற்றின் வழியாக நயாகரா வரை போய், வழியில் சந்தித்த பூர்வகுடி மக்களை வரைந்தார். சமையற்காரியின் படம் 'மார்த்தா சர்ச்' என்ற அவருடைய முழுப்பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கிறது. நயாகராவுக்கு அருகே டோனவாண்டாவில் கண்ட மனிதர் 'பஃபலோ பீட்டர்' என்ற பெயரோடு இருக்கிறார். ஒரு சமையற்காரியின் பெயரைப் படத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அன்றைக்கு எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

நானும் விடுமுறை நாட்களில் நீர்வண்ணம் தீட்டிப் பார்ப்பவன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பெரும்பாலும் தீட்டாமல் விட்ட காகிதம்தான். எதை விடுவது என்பதை முதல் தூரிகை படுமுன்பே முடிவு செய்தாக வேண்டும், ஏனென்றால் பிறகு அழிக்க முடியாது. பனித் தெருவை வரைவது அந்த வகையில் கடினமான சோதனை. அவருடைய கட்டடங்களில் கோணம் சில இடங்களில் பிசகுகிறது, மனிதர்களின் உடல் அளவும் எப்போதும் சரியாக அமைவதில்லை. முறையான கலைக்கூடப் பயிற்சி பெறாதவரின் கை அது. ஆனாலும் அந்த விறைத்த ஜனவரி நம்பும்படி இருக்கிறது. அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாடுகளுக்குப் போவதைத் தடுத்த, அதிபர் ஜெபர்சன் அரசின் சட்டத்தால் துறைமுகம் முடங்கிக் கிடந்த குளிர்காலம் அது என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், ஆற்றங்கரையை ஒட்டிய அந்தத் தெரு இன்னும் அமைதியாகத் தோன்றுகிறது. இரட்டைக் கோபுரங்கள் நின்ற இடத்திலிருந்து சில தெருக்கள் வடக்கே இருக்கும் அந்த முனையில் இன்று நின்றால், அவர் கண்ட எதுவும் கண்ணில் படாது.

1814இல் பிரான்சுக்குத் திரும்பியவர், 1816இல், மன்னராட்சி மீண்டிருந்த பிரான்சின் தூதராக நியமிக்கப்பட்ட கணவரோடு மறுபடியும் அமெரிக்கா வந்து, 1822 வரை தங்கினார். அவரை வெறுமனே 'தூதரின் மனைவி' என்று குறிப்பிடும் வழக்கம் இந்த ஆறு ஆண்டுகளால் வந்தது. நாடுகடத்தப்பட்டவரின் மனைவியாக வாழ்ந்த முதல் ஏழு ஆண்டுகளின் படங்களையே நான் மேலாகக் கருதுகிறேன். இருந்தாலும் 1821இல் வரைந்த 'வாஷிங்டன் நகரம்' என்ற படத்தை விட்டுவிட முடியாது. அதில் வெள்ளை மாளிகை, பக்கத்தில் அரசுத் துறைக் கட்டடங்களோடு, ஏதோ சிறு ஊரின் பெரிய வீடு போல நிற்கிறது. இன்று உலகமே அறிந்த வடக்கு முகப்புத் தூண் மண்டபம் அதில் இல்லை. அதைக் கட்டத் தொடங்கியதே 1829இல்தான்.

2019 நவம்பர் முதல் 2020 ஜனவரி வரை வரலாற்றுச் சங்கம் அவருக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தியதற்கு நன்றி சொல்ல வேண்டும். நான் கேட்பது அவ்வளவு பெரிதல்ல. நீர்வண்ணப் படங்கள் வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும், நெடுநாள் சுவரில் மாட்டி வைக்க இயலாது என்பதும் தெரியும். ஒரு ஜனவரி மாதம் போதும். இரண்டு தெருப் படங்களையும் அருகருகே மாட்டி, எதிர்ச் சுவரில் மார்த்தா சர்ச்சையும் தரை கழுவும் பெண்ணையும் வையுங்கள். அவர் பிரெஞ்சில் குறித்து வைத்திருக்கும் வரிகளை, சுருக்காமலும் திருத்தாமலும், ஒவ்வொரு படத்தின் கீழும் மொழிபெயர்ப்போடு அச்சிடுங்கள். பூர்வகுடிப் பெண்களைக் குறிக்க அந்தக் காலத்தில் புழங்கி, இன்று இழிசொல்லாகிவிட்ட சொல் அவற்றில் வந்தால், அதை மறைக்காமல் பக்கத்திலேயே ஒரு விளக்கம் தாருங்கள். விவரக் குறிப்பின் முதல் வரியில் கணவரின் பதவி வேண்டாம். அவருடைய பெயரும், அதையடுத்து 'ஓவியர்' என்ற சொல்லும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் இணையத் தொகுப்புகளில் அந்தப் பனித் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தமிழ் வாசகன்