ஊமைப்படத்துக்கு வெடிச்சத்தம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல 1916-ல அயர்லாந்தோட டப்ளின் நகரத்துல பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து நடந்த ஈஸ்டர் எழுச்சியோட இடிபாடுகளைக் காட்டுற பழைய நியூஸ்ரீல் (அந்தக் காலத்துல தியேட்டர்ல ஓட்டுன செய்திப்படம்) பத்தி எழுதியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம், ஆனா கலர் அடிச்சு சத்தம் சேர்த்தா இளைஞர்கள் பார்ப்பாங்கன்னு முடிச்சிருந்தீங்களே, அதை மட்டும் என்னால ஏத்துக்கவே முடியல. அந்தப் படம் சண்டையைக் காட்டல சார், சண்டை முடிஞ்ச பிறகு இருந்த ஊரைத்தான் காட்டுது. தபால் ஆபீஸோட கூரை போயிடுச்சு, வெறும் சுவர் நிக்குது, ஜன்னல் வழியா வானம் தெரியுது, கீழ தொப்பி போட்ட ஜனங்க செங்கல் குவியல் நடுவுல நடந்து போறாங்க. ஆறே நாள்ல 485 பேர் செத்தாங்க, அதுல பாதிக்கு மேல சாதாரண ஜனங்க, அந்த அமைதிதான் அதைச் சொல்லுது.

நான் காலேஜ்ல படிச்சப்போ ஒரு திரையிடல்ல இதே மாதிரி காட்சிக்கு யாரோ துப்பாக்கிச் சத்தம் சேர்த்துப் போட்டாங்க, பக்கத்துல இருந்த பையன் இது நேரடியா எடுத்த சண்டைன்னே நம்பிட்டான், அந்தத் தபால் ஆபீஸ் இருந்த சாக்வில் தெருவை நாசமாக்குனது பிரிட்டிஷ் பீரங்கியும் அதுக்கப்புறம் பரவின தீயும்னு அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியல. அதனால இனிமே இந்த மாதிரி படங்களைப் போடுறவங்க சத்தம் எதுவும் சேர்க்காம, எடுத்த தேதி, இடம், யார் குண்டு போட்டாங்கங்கிறதை முன்னாடியே ஒரு தமிழ் கார்டுல போட்டுட்டு அப்படியே ஓட விடணும், நீங்களும் அதை வலியுறுத்தி எழுதணும்.

ஒரு வாசகர், மதுரை