சாவி யாரிடம்?

வெலிங்டன், நியூசிலாந்து,
12.5.2019

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். போன வாரக் கடைசியில் இரண்டு நாளும் நான் போனை எடுக்கவில்லை என்று அம்மா கோபமாக இருப்பதாகத் தம்பி சொன்னான். ஆஸ்பத்திரியில் இரவு வேலை என்று அவனிடம் சொல்லி வைத்தேன். உண்மையில் மலையில் இருந்தேன். இது உங்களோடு இருக்கட்டும்.

இங்கே மலைநடைக்குச் சங்கங்கள் உண்டு. இந்த நாட்டில் முதலில் தொடங்கிய தாராருவா சங்கத்துக்கு இந்த ஆண்டு நூறு வயது. நான் சேர்ந்திருப்பது வேறொரு சிறிய சங்கம். எங்களை அழைத்துப் போனவர் அறுபத்தெட்டு வயதுப் பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. பாதி வழிவரை 'கொஞ்சம் கேளுங்கள்' என்றே சமாளித்தேன். அவர் முதுகுப்பை என் பையைவிடக் கனம்.

சனிக்கிழமை காலை ஓட்டாக்கி ஆற்றங்கரையிலிருந்து ஏறினோம். நீங்கள் சதுரகிரிக்குத் துணிப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கிளம்புவீர்கள். எனக்குப் பதினோரு கிலோ: தூங்கும் பை, மழைச்சட்டை, கம்பளித் தொப்பி, சின்ன காஸ் அடுப்பு, இரண்டு நாள் சோறு. வழியில் அன்னதான மடம் ஏது? சுக்குக்காபி விற்க ஆள் ஏது? வேரும் சேறுமாகப் பாதை. உயரம் கூடக் கூட மரங்கள் குட்டையாகி, தண்டு கிளையெல்லாம் பச்சைப் பாசி போர்த்தி நிற்கின்றன. பாம்பு பயம் வேண்டாம். இந்த நாட்டுத் தரையில் பாம்பே கிடையாது.

மூன்று மணி நேரத்தில் ஃபீல்ட் ஹட் வந்தது. மரப்பலகை வீடு. 1924இல் தாராருவா சங்கத்தார் அங்கேயே மரம் அறுத்துப் பலகையாக்கிக் கட்டியது. முன்னால் போனவர் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தார். "சாவி யாரிடம் இருக்கிறது?" என்று கேட்டேன். கேள்வி அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை கேட்டதும் சிரித்துவிட்டார். பூட்டே இல்லை அப்பா. காவல்காரனும் இல்லை. உள்ளே பலகை மேடையில் வரிசையாக மெத்தைகள், நீள மேசை, துடைப்பம், வெளியே மழைநீர்த் தொட்டி, கொஞ்சம் தள்ளிக் குழிக் கழிப்பறை. ஒரு இரவுக்கு ஐந்து டாலர் டிக்கெட். ஊரிலேயே வாங்கிக்கொண்டு வந்து அங்கிருக்கும் பெட்டியில் நாமே போட வேண்டும். போட்டாயா என்று கேட்க ஆள் இல்லை. நான் போட்டேன், எல்லோரும் பார்க்கும்படி!

இப்படி நாடு முழுக்க 950க்கும் மேற்பட்ட குடில்களை அரசின் வனப் பாதுகாப்புத் துறை பராமரிக்கிறது. பலவும் மான் வேட்டைக்காரர்களுக்காகக் கட்டியவை. வெள்ளைக்காரர்கள் வேட்டை விளையாட்டுக்காகக் கப்பலில் கொண்டுவந்த மான்கள் பெருகிக் காட்டையே மேய்ந்துவிட, அவற்றைச் சுட அரசு சம்பளத்துக்கு ஆள் வைத்ததாம்.

மாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டினேன். நம் ஊரில் காலை ஒன்பதரை. அன்று அமாவாசை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நீங்கள் தாணிப்பாறை தாண்டி ஏறிக்கொண்டிருப்பீர்கள் என்று கணக்குப் போட்டேன். மற்றவர்கள் உலர்த்திய சாப்பாட்டுப் பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் புளிச்சோற்றைத் திறந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. எனக்கு இரண்டு கவளம்தான் மிஞ்சியது.

இருட்டிய பிறகு முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் மழையில் தொப்பலாக வந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேசையில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள், ஒருவர் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார். ரயிலில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிற ஊரிலிருந்து வந்தவள் நான். என் மெத்தையில் பையை வைத்துக் காவல் காத்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

மறுநாள் கைம் குடில்வரை போய், முடிந்தால் ஹெக்டர் சிகரத்தில் இருக்கும் மரச்சிலுவையைப் பார்ப்பது திட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த மலைநடைக்காரர்களுக்காக நட்டது. கைம் என்பதும் இறந்தவர் பெயர்தான்; 1922இல் இந்த மலையில் புயலில் சிக்கிக் குளிரில் மாண்டவர். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கியதும் காற்று அறைந்தது. பையோடு சேர்த்து என்னைப் பக்கவாட்டில் இரண்டடி நகர்த்தியது. ஆசிரியை ஐந்து நிமிடம் நின்று பார்த்தார். "திரும்புகிறோம்" என்றார். அவ்வளவுதான், விவாதம் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் ஏறிவந்து சாமி பார்க்காமல் யாராவது திரும்புவார்களா? வாய்விட்டுச் சொல்லவில்லை, முகம் சொல்லியிருக்கும்.

குடிலுக்கு வந்ததும் அவர் நேராக உள்ளே போய் அங்கிருந்த நோட்டை எடுத்தார். தங்குகிறவர்கள் பெயர், எத்தனை பேர், அடுத்து எங்கே என்று எழுதுகிற நோட்டு. காலையில் 'கைம்' என்று எழுதியிருந்ததை அடித்து, 'காற்று. கீழே இறங்குகிறோம்' என்று மாற்றினார். வழியில் நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள், மேலே போய் அவர்கள் அலையக்கூடாது என்றார். பிறகு துடைப்பத்தை என்னிடம் நீட்டினார். பையன்கள் சிந்திய சேற்றையும் சேர்த்துப் பெருக்கினேன்.

கால் வலி நேற்றுத்தான் விட்டது. இரவல் பூட்ஸைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அமாவாசையன்று நீங்கள் மலைக்குப் போனீர்களா? கீழே வாசலில் எத்தனை மணிக்கு விட்டார்கள், இறங்கும்போது துணைக்கு யார் வந்தது, எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்