பிபிஎம்மை திருகறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

வீட்லயே எஸ்டிஆர் ரிசீவர் (கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் வழியா கேக்கற ரேடியோ) செய்யறது பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா ஸ்டேஷன் தள்ளித் தெரிஞ்சா சாஃப்ட்வேர்ல பிபிஎம் நம்பரை (பத்து லட்சத்துல எத்தனை பங்கு தப்புன்னு சொல்ற திருத்தம்) மாத்திக்கோங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க, இதே யோசனையை நம்பி ஒரு வாரம் வீணடிச்சவன் நான், அதான் எழுதறேன்.

என்னோடது எஸ்ஐ5351 ஆசிலேட்டர் (ட்யூன் பண்ற ஃப்ரீக்வென்சியை உண்டாக்கற சிப்), அதோட சிக்னலைக் கலந்து கீழ இறக்கற ஒரு மிக்சர், கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டு, அவ்ளோதான். பிபிஎம்மை மாத்தி ஒரு ஸ்டேஷனை சரியா உக்கார வச்சா பக்கத்துல இருக்கறது ஓடிடும். கடைசில பாத்தா கார்டு குடுக்கறது செகண்டுக்கு 48,000 சாம்பிள் (அளவீடு), சாஃப்ட்வேர்ல நான் வச்சிருந்தது 96,000. நட்ட நடுவுல இருக்கற சிக்னல் கரெக்டா இருக்கும், நடுவுலேந்து 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கறது 20 தள்ளித் தெரியும். இதுக்கு என்ன பிபிஎம் போட்டாலும் தீராது.

ஆசிலேட்டருக்கு அடிப்படையா இருக்கற கிறிஸ்டல்தான் தப்புன்னா அது வேற மாதிரி இருக்கும், ட்யூன் பண்ற ஃப்ரீக்வென்சி ஏற ஏற தப்பும் அதே கணக்குல ஏறும். டபிள்யூடபிள்யூவி மாதிரி நேர சிக்னல் ஸ்டேஷன் கிடைச்சா பாருங்க, 10 மெகாஹெர்ட்ஸ்ல 400 ஹெர்ட்ஸ் தள்ளி இருந்தா 40 பிபிஎம், அப்போ 5ல 200, 15ல 600 வரணும். வரலைன்னா கிறிஸ்டல் மேல பழி போடாதீங்க. எங்க போனாலும் அதே 700 ஹெர்ட்ஸ்னா பெரும்பாலும் சிடபிள்யூ (மோர்ஸ்) மோடுல விசில் கேக்கறதுக்காக வேணும்னே தள்ளி வைக்கற பிட்ச் ஆஃப்செட்டா இருக்கும். டயலை மேல ஏத்தினா திரையில சிக்னல் நடுவுலேந்து கீழ்ப்பக்கம் நகரணும், அதுக்கு பதிலா மேல்பக்கம் ஓடுதுன்னா மிக்சர்லேந்து சவுண்ட் கார்டுக்கு வர்ற ஐ, க்யூங்கற ரெண்டு வயர் மாறியிருக்கு.

இன்னொன்னு, ஆன் பண்ணி அரை மணி நேரம் சூடாக விட்டுட்டுத்தான் அளக்கணும். கிறிஸ்டல் மேல விரலை வச்சுப் பாருங்க, விசில் மாறறது காதுலயே கேக்கும் (எனக்கு இது ஒரு விளையாட்டாவே ஆகிடுச்சு). ப்ளஸ்ஸா மைனஸாங்கறதும் சாஃப்ட்வேருக்கு சாஃப்ட்வேர் மாறும், மாத்திப் போட்டா 400 தப்பு 800 ஆகி நிக்கும்.

சுத்தமா எதுவுமே கேக்கலைன்னா எஸ்ஐ5351 போர்டுல இருக்கற கிறிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸா 27ஆன்னு லென்ஸ் வச்சு படிங்க, ப்ரோக்ராம்ல 25னு இருந்து போர்டுல 27 இருந்தா 10 கேட்ட இடத்துல 10.8 வரும், நீங்க பாட்டுக்கு காலி இடத்துல தேடிட்டு இருப்பீங்க.

அடுத்த பகுதில இந்த ரெண்டு மூணு இடத்துல அளந்து பாக்கற விஷயத்தையாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்