இருட்டைக் காப்பாற்றிக் கொடுங்கள்

அமானுஷ்ய மர்மப் படங்களின் தயாரிப்பாளர்களுக்கும், அவற்றின் வீட்டு வெளியீட்டு உரிமையை வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம். தமிழ்ப் படங்களை டிவிடி, புளூரே வட்டாக வாங்கிப் பார்க்கிற, பத்திரப்படுத்துகிற சிங்கப்பூர் ரசிகர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. எல்லாப் படங்களையும் விட்டுவிட்டு ஆவியும் துப்பறிதலும் கலந்த படங்களைப் பற்றி மட்டும் எழுதுவதற்குக் காரணம், வட்டாகும்போது மிகவும் அடிபடுபவை இவைதான். குடும்பப் படத்தில் பின்சுவர் மங்கினால் கதைக்கு ஒன்றும் ஆகாது. மர்மப் படத்தில் அந்தச் சுவரோரம்தான் இயக்குநர் ஆளை நிறுத்தியிருப்பார். முதல் பாதியில் தாழ்வாரத்து இருட்டில் நிற்கும் உருவம் திரையரங்கில் உற்றுப் பார்த்தவருக்குத் தெரிந்தது. வட்டில் அது கறுப்புக் கட்டங்களுக்குள் கரைந்துபோனால், கடைசியில் முடிச்சு அவிழும்போது இயக்குநர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் வீட்டில் பார்ப்பவர் நினைப்பார். பழி இயக்குநருக்கு, தவறு வட்டைச் செய்தவருக்கு.

முதலில் இடக்கணக்கு. 150 நிமிடப் படத்தை 25 ஜிபி புளூரேயில் அடைத்தால், படம், ஒலி எல்லாம் சேர்த்து வினாடிக்குச் சராசரியாக 22 மெகாபிட்தான் கிடைக்கும். தரம் குறையாத, சுற்றிலும் மேலிருந்தும் கேட்கும் அட்மோஸ் ஒலியே அதில் 4, 5 மெகாபிட்டை எடுத்துக்கொள்ளும். முன்னோட்டங்களையும் பேட்டிகளையும் அதே வட்டில் திணித்தால் படத்துக்கு மிஞ்சுவது இன்னும் குறையும். 50 ஜிபி இரட்டை அடுக்கு வட்டில் இதே படத்துக்கு 44 மெகாபிட் வரை இடம் இருக்கிறது. எனவே அதையே பயன்படுத்துங்கள், கூடுதல் காட்சிகளுக்கு இன்னொரு வட்டு கொடுங்கள். டிவிடி மட்டும்தான் என்றாலும் 8.5 ஜிபி வட்டில் ஒரே படம் இருக்கட்டும். 4.7 ஜிபி வட்டில் மூன்று படம் போட்ட பழைய வழக்கத்தில் ஒரு படத்துக்கு ஒன்றரை மெகாபிட்கூடக் கிடைக்காது. அதில் இரவுக் காட்சி எதுவும் பிழைக்காது.

இடம் மட்டும் போதாது. திரையரங்குக்குப் போகும் டிசிபி என்கிற டிஜிட்டல் பிரதி 12 பிட் நிறத்தில் இருக்கிறது, புளூரே 8 பிட். பிட் குறைந்தால் வெளிச்சப் படிகளும் குறையும். புளூரேயின் படிகளில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடிகிறது. விளக்கணைந்த அறைக் காட்சி முழுவதும் 16க்கும் 35க்கும் நடுவே அடங்கிவிடும், அதாவது இருபது படிகூட இல்லை. 12 பிட்டிலிருந்து நேராக வெட்டிச் சுருக்கினால் மெழுகுவத்தி வெளிச்சம் சுவரில் வளையம் வளையமாகப் பட்டை கட்டுவது இதனால்தான். சுருக்கும்போது டிதரிங் செய்யுங்கள், அதாவது பட்டை தெரியாதபடி நுண்ணிய புள்ளிகளைத் தூவுங்கள். படத்தில் இயல்பாக இருக்கும் மணித்தன்மையை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள், பட்டையை மறைப்பதே அந்த மணிகள்தாம். படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதன் ஏக்யூ-மோடு என்ற அமைப்பை 3இல் வைத்துப் பார்க்கலாம். இருண்ட பகுதிகளுக்கு அது கூடுதல் பிட் ஒதுக்கும்.

நிறத் திருத்தமும் தனியாக வேண்டும். இருட்டும் வெளிச்சமும் திரையில் எப்படித் தெரியும் என்பதைத் தீர்மானிக்கும் காமா அளவு டிசிபிக்கு 2.6, வீட்டுத் திரைக்கு 2.4. கணக்கு அட்டவணையை மட்டும் நம்பி மாற்றினால் நிழல்கள் அமுங்கிப்போகலாம், அல்லது கறுப்பு சாம்பலாக வெளுத்துப்போகலாம். ஒளிப்பதிவாளரை அரைநாள் கூப்பிட்டு, இருட்டறையில் ஓஎல்இடி திரையில் ஒருமுறையும், சாதாரண எல்சிடி தொலைக்காட்சியில் ஒருமுறையும் இரவுக் காட்சிகளை மட்டுமாவது ஓட்டிக் காட்டுங்கள்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. வினாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை, பால் (PAL) என்கிற தொலைக்காட்சி முறை டிவிடிக்காக 25க்கு ஏற்றினால் 160 நிமிடப் படம் ஆறு நிமிடத்துக்கு மேல் சுருங்கும், குரல்களின் சுருதியும் சற்று ஏறும். கனத்த குரலில் பேசும் ஆவி கொஞ்சம் கீச்சிடும். புளூரேயில் இந்தத் தொல்லைக்கு இடமே இல்லை. 1080பி, 24 பிரேம் என்று அப்படியே கொடுங்கள், வினாடிக்கு 50 அரைப்படங்களாகப் பிரித்துக் காட்டும் முறைக்கு மாற்றாதீர்கள்.

ஒலிதான் எங்களுக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம். இங்கே பெரும்பாலோர் இருப்பது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில். மேலே, கீழே, பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் எல்லாம் ஆட்கள். படம் பார்க்க உட்காருவது ராத்திரியில், ஒலியைக் கூட்ட முடியாது. திரையரங்கக் கலவையை அப்படியே வட்டில் ஏற்றினால் முணுமுணுப்பு காதில் விழாது, அதைக் கேட்க ஒலியைக் கூட்டிய அடுத்த நொடி கதவு அறைந்து சாத்தும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். வீட்டுக்கென்று, அருகில் வைத்த ஒலிபெருக்கியில் கேட்டு மறுபடி கலந்த 5.1 (ஐந்து ஒலிபெருக்கி, ஓர் அதிர்வுப் பெட்டி) தடம் ஒன்று அவசியம். அதோடு தனியாகக் கலந்த ஸ்டீரியோ தடமும் வேண்டும். 5.1ஐத் தொலைக்காட்சி தானே ஸ்டீரியோவாக மாற்றும்போது எல்எஃப்இ என்கிற ஆழ்ந்த அதிர்வுத் தடத்தை வழக்கமாக விட்டுவிடும். ஆவி வருவதற்கு முன்னால் எழும் அடிவயிற்று உறுமலை அந்தத் தடத்தில் மட்டும் வைத்திருந்தால், தொலைக்காட்சி ஒலிபெருக்கியில் கேட்பவருக்கு ஆவி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். பின்புறத் தடங்களில் வைத்த கிசுகிசுப்பும் அப்படித்தான் அமுங்கும்.

எழுத்துகள் பற்றி. இந்திய விதிப்படி படத்தின் மேலேயே பதித்த புகைப்பிடித்தல் எச்சரிக்கை சிங்கப்பூர் வட்டுக்குத் தேவையில்லை. வட்டாக்க எழுத்தில்லாத மூலப் பிரதியை எடுங்கள். வசன வரிகளையும் படத்தில் பதிக்காமல் அணைக்கக்கூடிய தடமாகக் கொடுங்கள். செவிப்புலன் குறைந்தவர்களுக்கான தமிழ் வரிகளும் இருக்கட்டும், ஆனால் கதையில் வெளிப்படாத பெயரைப் பேசுபவர் பெயராக முன்கூட்டியே போட்டுவிடாதீர்கள். முகம் தெரியும்வரை ‘பெண் குரல்’ என்றிருந்தால் போதும். அலறல் வருவதற்கு அரை வினாடி முன்னால் ‘அலறுகிறாள்’ என்ற வரி தோன்றினால் அந்தக் காட்சியே போயிற்று. சுவரில் கிறுக்கிய எழுத்து, கிழிந்த கடிதம் போன்றவை துப்புகள் என்பதால் மற்ற மொழி வரிகளில் அவற்றையும் மொழிபெயருங்கள். மெனுவின் பின்னணியிலும், அத்தியாயப் படங்களிலும், அட்டையின் பின்புறச் சுருக்கத்திலும் இடைவேளைக்குப் பிந்திய எதுவும் வரக்கூடாது. பலர் முடிவைத் தெரிந்துகொள்வது மெனுவில்தான்!

யாவரும் நலம் (2009) போலத் தமிழிலும் இந்தியிலும் எடுத்த படங்களில் வேறு மொழிக் குரலை மட்டும் சேர்ப்பது சரியான பதிப்பாகாது. இரண்டு படத்தையும் கொடுங்கள்.

வட்டு மண்டலத்தையும் கவனிக்க வேண்டும். இந்திய டிவிடி 5ஆம் மண்டலம், சிங்கப்பூர் 3. புளூரேயில் இந்தியா சி, நாங்கள் ஏ. பூட்டுப் போட்டு அனுப்பிய வட்டு இங்கே வெறும் தட்டு. எல்லா மண்டலத்தையும் திறந்து விடுவது வட்டை வடிவமைக்கும் ஆதரிங் மென்பொருளில் ஒரு தேர்வு, செலவில்லை. இங்கே கடையில் விற்க தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் தர வகைப்பாடு வேண்டும். பிஜி13 (13 வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பெற்றோர் வழிகாட்டல்) கிடைக்கட்டும் என்று காட்சிகளை நறுக்காதீர்கள், என்சி16 (16 வயதுக்குக் கீழ் அனுமதியில்லை) வந்தாலும் முழுப் படமாகவே வரட்டும். எந்தப் பதிப்பு, எத்தனை நிமிடம் என்று அட்டையில் அச்சிடுங்கள்.

ஆலையில் அச்சிடும் புளூரேக்கு ஏஏசிஎஸ் என்கிற நகல் தடுப்புப் பூட்டின் உரிமம் கட்டாயம். சிறு வெளியீட்டாளர்களுக்கு அது சுமை என்பது புரிகிறது. அதற்காகக் கணினியில் எரித்த பதிவு வட்டை அச்சு வட்டு என்று விற்காதீர்கள். எல்டிஎச் (LTH) என்கிற மலிவு வகைப் பதிவு வட்டின் சாய அடுக்கு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஈடுகொடுக்காது, ஆண்டு முழுதும் புழுக்கமாக இருக்கும் எங்கள் ஊரில் இன்னும் சீக்கிரம் கெடும். முன்பதிவு வாங்கி, தேவையான எண்ணிக்கை சேர்ந்ததும் அச்சுக்குக் கொடுங்கள். காத்திருக்கவும், கூடுதலாகச் சில வெள்ளி (டாலர்) கொடுக்கவும் நாங்கள் தயார்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை வட்டு எழுதி, மூன்று வெவ்வேறு நிறுவன பிளேயர்களிலாவது முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். அடுக்கு மாறும் இடத்தில் நின்று ஓடுகிறதா, வரிகள் குரலோடு பொருந்துகின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள். இந்த மடலில் கையெழுத்திட்ட யாரும் அந்த வேலையைக் கூலியின்றிச் செய்து, பிழைகளை நிமிட வினாடிக் கணக்கோடு எழுதி அனுப்புவார்கள்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து, வட்டில் தமிழ்ப் படம் பார்க்கும் ரசிகர்கள்